துப்பட்டாவில் மாட்டிய மைக்

மசூதுக்குக் காது கேட்காது என்பது மசூதைத் தவிர தென்காசியில் அவரை அறிந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செங்கோட்டை ரோட்டில் ஒரு மர அறுவை மில்லில் இருபத்தெட்டு வருஷம் ரம்பத்துக்கு முன்னால் நின்றவர். தேக்கும் அயனியும் அலறிக்கொண்டு இரண்டாகப் பிளக்கிற சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஓயாது. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. முதலில் குருவிச் சத்தம் போனது. அப்புறம் செல்போன் மணி. அப்புறம் பெண்களின் குரல். ஆண்கள் கட்டைத் தொண்டையில் கத்துவது மட்டும் கடைசிவரை மிச்சம் இருந்தது. அதனால் தன் காது நன்றாக இருப்பதாகவும், வீட்டுப் பெண்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றும் அவர் தன்னையே நம்பவைத்துக்கொண்டார்.

கேட்காத மனுஷன் முதலில் கற்றுக்கொள்கிற வித்தை தலையாட்டுவது. எதிரே இருப்பவர் வாய் ஓய்ந்ததும் லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டால் பாதிப் பேர் திருப்தியாகப் போய்விடுவார்கள். மீதிப் பாதியால்தான் வம்பு. ஒருதரம் பள்ளிவாசல் முன்னால் ஒருவர் தன் தகப்பனார் இறந்து மௌத்தான செய்தியைச் சொல்ல, இவர் சிரித்த முகமாய்த் தலையாட்டி, "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று நல்ல செய்திக்குச் சொல்வதைச் சொன்னார். அந்த மனிதர் அதன் பிறகு இவரோடு பேசவில்லை. பேசவில்லை என்பதும் மசூதுக்குத் தெரியாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்று அவர் மூத்த மகள் மிஸ்ரியாவின் நிக்காஹில் நடந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி. அவர்கள் வழக்கப்படி, மாப்பிள்ளை சபையில் உட்கார்ந்திருக்க, பெண்ணின் வக்கீலாக ஒருவரும் சாட்சிகள் இரண்டு பேரும் பெண் இருக்கும் அறைக்குப் போவார்கள். இன்னார் மகன் இன்னாருக்கு, அவர் தருகிற இவ்வளவு மஹர் பணத்துக்கு உன்னை நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை, பெண்ணின் வார்த்தையைச் சபைக்குக் கொண்டுபோகிற வக்கீல். வெட்கத்தில் பெண் வாய் திறக்காவிட்டால் அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார்கள். அன்று வக்கீல் மசூதுதான். கேட்டார். முக்காட்டுக்குள்ளிருந்து மிஸ்ரியா அவர் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ சொன்னாள். சாட்சிகள் வாசலோரம் நின்றதால் அவர்களுக்கு எட்டவில்லை. பக்கத்திலேயே நின்ற மசூதுக்கும் எட்டவில்லை. அவர் லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டினார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று சாட்சிகள் சபைக்குத் திரும்பினார்கள்.

அவள் சொன்னது என்ன என்பது ஐந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் ஏதோ ஒரு சண்டை. "நீங்கதான அத்தா அன்னைக்குத் தலைய ஆட்டுனீய!" என்று கத்திவிட்டு மிஸ்ரியா அழுதுகொண்டே எழுந்து போனாள். மசூதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவி ஹாஜரா பீவியைக் கேட்டார். அவள் அவருடைய காதோரம் வந்து, அக்கம்பக்கம் கேட்காத அளவுக்குக் கத்தி, சொல்லிமுடித்தாள். நர்சிங் கடைசி வருஷம் படிக்க மாப்பிள்ளை வீட்டில் விடமாட்டார்கள் என்று நிக்காஹ் அன்று காலையில்தான் மிஸ்ரியாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் என்ன செய்ய அத்தா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். அத்தா சிரித்துத் தலையாட்டினார். அத்தாவே யோசித்துச் சரி என்கிறார் என்று அவள் கழுத்தை நீட்டிவிட்டாள். புருஷன் கெட்டவன் இல்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கடைசி வருஷம் போனது போனதுதான்.

அந்த வாரமே மசூது இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டார். மிஷின் மாட்டினாரே தவிர, "அன்னைக்கு எனக்குக் கேக்கலம்மா" என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்நெஞ்சக்காரத் தகப்பன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, செவிட்டுத் தகப்பன் என்று நினைத்துவிடக் கூடாது என்று ஒரு வெட்கம். மடத்தனமான வெட்கம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டினார். மிஸ்ரியா வருவாள், அவருக்குச் சோறு வைப்பாள், போவாள். அந்தப் பேச்சு மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் வந்ததே இல்லை.

இப்போது இளையவள் ஜுஹைனாவுக்கு இடம் கூடி வந்தது. லேப் டெக்னீசியன் படித்தவள். மேலகரத்தில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை ஹம்தான் அச்சன்புதூர்க்காரன், ஷார்ஜாவில் இருக்கிறான். ஜூலை மாதம், நல்ல சாரல் சீசனில், குற்றாலம் ரோட்டு மண்டபத்தில் நிக்காஹ் என்று முடிவாயிற்று.

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசிய அன்று மசூதின் அண்ணன் முகம்மது ரபீக் ஆரம்பித்தார். சவுதியில் தம்மாமில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். யார் வீட்டு விசேஷமானாலும் முன்னால் நின்று நடத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஏலே மசூது, இந்தத் தடவ வக்கீலா நான் நிக்கேன். ஒனக்குக் கேக்கவும் செய்யாது, கேக்கலன்னு சொல்லவும் மாட்ட."

மசூதுக்குச் சுருக்கென்றது. அண்ணன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்த பள்ளிவாசல் இமாம் நிதானமாகச் சொன்னார்: "தகப்பனார் நிக்கதுதான் அழகு. ஆனா பொண்ணு சொல்லுத வார்த்த அவங்க காதுல விழணும். விழலன்னா ரபீக் பாய் நிக்கட்டும்."

அன்று ராத்திரி மசூது சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் சம்மதம் கேட்கிற விதம் அவருக்குத் தெரியும். கேள்வியோடு பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுவார். இன்னொரு மகளின் வார்த்தை தன் காதில் விழாமல் போகவே கூடாது. அது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

மிஷின் வீட்டுக்குள் நன்றாகத்தான் வேலை செய்தது. நாலு பேர் கூடினால்தான் நாலு பேர் பேச்சையும் சேர்த்து அரைத்துக் காதில் ஊற்றியது. அதைவிட நல்ல மிஷினாக வாங்குவது என்று முடிவு செய்து, தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காது மிஷின் சென்டர் வைத்திருக்கும் லோகநாயகியிடம் போனார். முதல் மிஷினை மாட்டிவிட்டதும் அவள்தான். கெட்டிக்காரப் பெண், கேள்வி கேட்பதில் மட்டும் போலீஸ்.

"மிஷின மாத்தி பிரயோஜனம் இல்ல அண்ணாச்சி. பேசுறவங்க தள்ளி இருந்தா, நடுவுல உள்ள எரைச்சல்தான் முந்திக்கிட்டு வந்து மிஷின்ல ஏறும். எவ்வளவு ஒசந்த மிஷினுக்கும் இதே கததான். இதுகூடச் சேத்து இன்னொண்ணு வைக்கணும். அதுக்கு முன்னால, எங்கன கேக்கணும், யாரு பேசுறதக் கேக்கணும், அதச் சொல்லுங்க."

"கல்யாண மண்டபத்துல. எம் மவ பேசுறத."

"எவ்வளவு நேரம் பேசுவா?"

"ஒரே ஒரு வார்த்த."

லோகநாயகி சிரிக்கவில்லை. மூன்று சாமான்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதலாவது வடை அளவில் வட்டமாய் ஒரு மைக். நடுவில் வைத்துவிட்டால் சுற்றி இருக்கும் எல்லோர் பேச்சையும் வாங்கி அனுப்பும். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்குச் சரி, இருபது பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற பெண் அறைக்கு ஆகாது என்று அதை அவளே தள்ளி வைத்தாள். இரண்டாவது, செல்போன் பேச்சும் டிவியும் நேராகக் காதுக்கு வருகிற பெட்டி. அதற்கு மிஷினில் புளூடூத் வேண்டும், மசூதின் மிஷினில் இல்லை. மூன்றாவது இரண்டு துண்டாக இருந்தது. விரல் நீளத்தில் கிளிப் வைத்த ஒரு குட்டி மைக், அதோடு கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிற்று வளையம். பேசுகிறவர் மைக்கை உடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும், கேட்கிறவர் வளையத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஒங்க மிஷின்ல டி-ன்னு ஒண்ணு இருக்கு. இந்தப் பட்டன அமுக்குனா அதுக்கு மாறும். டி-யில போட்டா மிஷினோட சொந்த மைக் அணைஞ்சிரும். பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. கிளிப் மைக்ல பேசுறது மட்டும் காதுக்குள்ள வரும், அறுபது அடி வரைக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. வேல முடிஞ்சதும் மைக்க அணைக்கச் சொல்லணும். எல்லாரும் அத மறந்துருதாங்க. போன வாரம் ஒரு சார், கிளாஸ் முடிஞ்சு பாத்ரூம் போனவரு பாடுனத ஒரு பிள்ளைக்குக் கேட்டுக்கிட்டே இருந்துருக்கு."

"இதே போதும்" என்று மசூது வளையத்தைக் கையில் எடுத்தார்.

"ஒரு வாரம் வச்சுப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணலாம். இந்த ரூம்ல எல்லாமே நல்லாத்தான் கேக்கும். எந்த எரைச்சல்ல கேக்கணுமோ அந்த எரைச்சல்ல கொண்டுபோய்ப் பாருங்க."

எரைச்சலுக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை ஜுஹைனாவைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனார். அருவிக்குப் போகிற கடைத்தெரு. பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம், முன்னால் ஸ்பீக்கரில் அல்வா, நேந்திரம் சிப்ஸ் என்று கூவுகிற சத்தம், ஈரத் துண்டோடு கூட்டம். ஜுஹைனா துப்பட்டாவில் மைக்கை மாட்டிக்கொண்டு நாற்பது அடி தள்ளிப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மசூது பட்டனை அமுக்கினார். அருவி நின்றது. தெரு நின்றது. "மங்குஸ்தான் என்ன வெல, அண்ணாச்சி?" என்று மகள் யாரிடமோ கேட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்கூட அவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்காது. மசூதுக்குக் கண் கலங்கிவிட்டது. சாரல் விழுந்ததால் துடைத்துக்கொள்வதில் சிரமம் இல்லை.

"சம்மதம்னு சொல்லு பாப்போம்" என்று அங்கிருந்தே கத்தினார். போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சம்மதம் அத்தா" என்றாள். இன்னொரு தடவை என்றார். மெதுவாகச் சொல்லச் சொன்னார், குனிந்துகொண்டு சொல்லச் சொன்னார், முக்காட்டை இழுத்துவிட்டுச் சொல்லச் சொன்னார். ஏழு தடவை சொன்னாள். ஏழு தடவையும் கேட்டது. வேறு எதையாவது சொல்லிப் பார் என்று அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

நிக்காஹ் அன்று காலை பதினோரு மணிக்கு மண்டபத்தில் முந்நூறு பேர். மேடையில் ஹம்தான் மாலையோடு உட்கார்ந்திருந்தான். இமாம் கல்யாணப் பதிவேடான தஃப்தரைப் பிரித்து வைத்திருந்தார். பெண் அறை மேடைச் சுவருக்கு நேர் பின்னால். மிஸ்ரியாதான் மைக்கைத் தங்கையின் துப்பட்டாவில் மாட்டுவதாக ஏற்பாடு. அத்தா உள்ளே வரும்போதுதான் டி-யில் போடுவார் என்பது அவள் கணக்கு. மறந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே மாட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ஆன் செய்தே வைத்துவிட்டாள்.

மசூது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மிஷின் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டால்? ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று பட்டனை அமுக்கினார்.

முந்நூறு பேரும் சத்தமில்லாமல் வாயசைத்தார்கள். வளையல் உரசுவது கேட்டது. பிறகு மிஸ்ரியாவின் குரல்.

"அழாதட்டி. மை கரையுது."

மசூது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லா வாசிச்சியாக்கா? நெசம்தானா?" இது ஜுஹைனா.

"நெசந்தான். கவர்மெண்ட் ஆர்டர். திருவேங்கடம் ஆஸ்பத்திரியில லேப் டெக்னீசியன். முப்பது நாளைக்குள்ள சேரணும்னு போட்டுருக்கு. மாப்பிள்ளைகிட்டச் சொன்னியா?"

"எப்பிடிச் சொல்ல? இன்னைக்குக் காலைலதான மெசேஜ் வந்துச்சு. அடுத்த மாசம் ஷார்ஜாவுக்கு விசா போட்டு வச்சிருக்காங்க. எனக்கு அவங்கள வேண்டாம்னு இல்லக்கா. சேரட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு அப்புறம் சம்மதம் சொல்லணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

"இப்ப அத்தா வருவாருல்லா. அவருட்டச் சொல்லு."

"மாட்டேன்."

"ஏன்?"

"நீ சொன்னப்ப அவருக்குக் கேக்கல. நான் சொன்னாக் கேட்டுரும். கேட்டா அந்த நிமிஷமே கல்யாணத்த நிப்பாட்டிருவாரு. ஒனக்குச் செஞ்சதுக்கு என்னைய வச்சு ஈடு கட்டுவாரு. வெளிய பிரியாணி வெந்துக்கிட்டு இருக்கு. ஒரு வாரமா அந்தக் கயித்தக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலையுதாரு, நான் சம்மதம்னு சொல்லுறதக் கேக்க. அதையே சொல்லிருதேன்."

பிறகு மிஸ்ரியா கேட்டாள்: "அவருக்கு அன்னைக்குக் கேக்கலன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"அம்மாதான். ஒனக்கு?"

"எனக்கும் அம்மாதான். எப்பவோ சொல்லிட்டா."

மசூது பட்டனில் விரலை வைத்தார், ஆனால் அமுக்கவில்லை. மிஸ்ரியாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இத்தனை நாள் சோறு வைத்திருக்கிறாள். அவராகச் சொல்வார் என்று பார்த்திருக்கிறாள்.

"நீயும் வாயத் தொறக்கக் கூடாது. அல்லாமேல ஆணையா" என்றாள் ஜுஹைனா.

ஒட்டுக்கேட்கக் கூடாதுதான். கேட்டாயிற்று. இனி என்ன செய்வது? எழுந்து நின்று நிறுத்துங்கள் என்றால் அவள் எதற்குப் பயந்தாளோ அது நடக்கும். மாப்பிள்ளை முகத்தில் கரி பூசியதாகும், நாளைக்கு அந்த வீட்டில் வாழப்போவது அவள். கேளாததுபோல் இருந்துவிட்டாலோ, மிஸ்ரியா கதைதான் மறுபடியும். அப்போதாவது காது கேட்கவில்லை என்று ஒரு சாக்கு இருந்தது. இன்று அதுவும் இல்லை. செவிடாகவே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் மனசார நினைத்தார்.

ரபீக் அவர் தோளைத் தட்டி வாயசைத்துக்கொண்டிருந்தார். மசூது பட்டனை மாற்றினார். மண்டபத்து எரைச்சல் முழுதும் ஒரே மூச்சில் உள்ளே விழுந்தது.

"எந்திரிலே! எத்தன தடவ கூப்புட? இமாம் கேக்கப் போகச் சொல்லிட்டாங்க."

மசூது, சாட்சிகளாக ரபீக்கும் பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து ஒரு பெரியவரும். மூன்று பேரும் பெண் அறைக்குள் நுழைந்தார்கள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஜுஹைனா முக்காட்டுக்குள் குனிந்திருந்தாள். மிஸ்ரியா அவள் பின்னால் சுவரோடு நின்றாள். மசூது டி-யில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை பெயர், தகப்பனார் பெயர், மஹர் எல்லாவற்றையும் முறைப்படி சொல்லி, சம்மதமா என்று கேட்டார்.

"சம்மதம் அத்தா."

கடைத்தெருவில் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. அதற்கு முன்னால் அவள் எச்சில் விழுங்கியதும் கேட்டது. சாட்சிகள் மசூதின் தலையைப் பார்த்தார்கள், ஆட்டட்டும் என்று.

"கேக்கல" என்றார் மசூது.

ஜுஹைனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "சம்மதம் அத்தா" என்று உரக்கச் சொன்னாள். யாரோ ஒரு பெண் சிரித்தாள். பெரியவர் மசூதின் கையைத் தொட்டு, தன் காதைக் காட்டி, எங்களுக்கே கேட்டுவிட்டது என்று சைகை செய்தார். மசூது மிஷினைப் பழையபடி மாற்றிக்கொண்டார்.

"எனக்குக் கேக்கல. வக்கீலுக்குல்லா கேக்கணும்."

"நான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!" ரபீக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "செவிட்டுக் காத வச்சுக்கிட்டு எதுக்குலே இந்தப் பவுசு? விலகு, நான் கேக்கேன்."

"அண்ணே, பேட்டரி போச்சு. பத்து நிமிஷம் தா, மாத்திருதேன். அதுக்குப் பொறவும் கேக்கலன்னா நீயே நில்லு. நான் மண்டபத்த விட்டே போயிருதேன்."

ரபீக் கதவை அறைந்துவிட்டுப் போனார். செவிடன் பேட்டரி மாற்றுகிறான் என்று அவர் சபையில் சொல்வதும், சபை சிரிப்பதும் அறைக்குள்ளேயே கேட்டது. இத்தனை வருஷம் கேட்பதுபோலவே நடித்த மனுஷன், நன்றாகக் கேட்ட அன்றைக்குத்தான் தன் வாயால் தன்னைச் செவிடன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டார். முகம் எரிந்தது. எரியட்டும் என்று நின்றார். புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி மிஸ்ரியா மற்றப் பெண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மசூது குனிந்து, மகளின் துப்பட்டாவிலிருந்து மைக்கைக் கழற்றி அணைத்தார்.

"கேட்டுச்சும்மா. இப்பச் சொன்னதும் கேட்டுச்சு, அதுக்கு முந்திப் பேசுனதும் கேட்டுச்சு."

ஜுஹைனா அக்காவைப் பார்த்தாள். மிஸ்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் கேட்டுருக்கக் கூடாது. தெரியாமக் கேட்டுட்டேன். கல்யாணத்த நான் நிப்பாட்ட மாட்டேன், நடத்தவும் மாட்டேன். அது ஒன் பாடு. மாப்பிள்ளைக்குப் போனப் போடு. நீ கேக்கவேண்டியத நீ கேளு. நான் கேக்கமாட்டேன்."

இரண்டு மிஷினையும் காதிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார்.

வெளியே தகரக் கொட்டகைக்குள் நாலு பேர் சேர்ந்து அண்டா அளவு பிரியாணிச் செம்பின் மூடியைத் தூக்கினார்கள். சத்தமில்லாமல் ஆவி எழும்பிச் சாரலில் கலைந்தது. மகள் பேசுகிறாளா, அழுகிறாளா, போன் எடுக்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வாயசைவில் பாதியாவது தெரிந்துவிடும். திரும்பவில்லை. தரை அதிர்ந்தது. யாரோ கதவை இடிக்கிறார்கள். அண்ணனாகத்தான் இருக்கும். பத்து நிமிஷம் தாண்டிவிட்டதா? இமாம் பொறுப்பாரா? ஹம்தான் கோபித்துக்கொண்டு மாலையைக் கழற்றிவிட்டானா?

தோளில் ஒரு கை விழுந்தது. மிஸ்ரியா. அவசரத்தில் மிஷினைக் காதில் வைக்க அது கூவென்று கத்தியது. அழுத்திச் சரிசெய்தார்.

"மேடைய விட்டு எந்திரிச்சுக் கைகழுவுத பக்கம் போய்ப் பேசுனாங்க" என்றாள் ஜுஹைனா. மூச்சு வாங்கியது. "மொதல்ல, அவங்க அம்மாட்டக் கேக்கணும்னாங்க. நான் ஒங்ககிட்டத்தான் கேக்கேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சேருன்னாங்க. விசாவ ரெண்டு வருஷம் தள்ளி வைக்கேன்னாங்க. மனசு நெறஞ்சு சொன்ன மாதிரி இல்லத்தா. ஆனா சொன்னாங்க."

"ஒனக்கு அது போதுமா?"

கதவு மறுபடி அதிர்ந்தது. மசூது அவசரப்படுத்தவில்லை.

"போதும். மீதிய நான் பேசிக்கிடுதேன். ஆனா அவங்க சொன்னத தஃப்தர்ல எழுதச் சொல்லுங்க."

கதவைத் திறந்தார்கள். ரபீக்கும் பெரியவரும் உள்ளே வந்தார்கள். மசூது மறுபடியும் முறைப்படி கேட்டார். ஜுஹைனா முன்னைப்போலச் சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கேட்டுச்சு" என்றார் மசூது வாய்விட்டு. "சம்மதம்னு சொல்லுதா. ரெண்டு வருஷம் இங்கன வேல பாக்கதுன்னு பேச்சு, அதையும் சேத்து எழுதணும்."

"இது எப்பலே பேசுனது?" என்று ரபீக் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளைட்டயே கேளுண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே ரபீக் பெரியவரோடு சபைக்கு நடந்தார். மசூதும் பின்னால் நடந்தார். நிலைப்படி தாண்டும்போது பின்னாலிருந்து யாரோ சட்டைக் கையைப் பிடித்தார்கள்.

"அன்னைக்கும் இப்பிடி கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அத்தா" என்றாள் மிஸ்ரியா.

மைக் அவர் பையில் அணைந்து கிடந்தது. மண்டபத்து எரைச்சல் அத்தனையும் திறந்த கதவு வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டது.

"வெக்கமா இருந்துச்சும்மா" என்றார். "எனக்கு அன்னைக்குக் கேக்கல. கேக்கலன்னு சொல்ல வெக்கம். ஒன்னைய விட அந்த வெக்கம் எனக்குப் பெருசாப் போச்சு."

மிஸ்ரியா சட்டைக் கையை விடவில்லை. சபையிலிருந்து இமாம் மசூதின் பெயரைச் சொல்லி இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டார். மசூது போகவில்லை. மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.